இருபத்துநாலாவது தட்டு

கல்லூரி நடனக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்த அன்றே, என்னை எடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆறு வயதிலிருந்து பரதம் படித்தவள் நான். சனிக்கிழமைதோறும் பள்ளத்தூரிலிருந்து அம்மாவோடு பஸ் ஏறிக் காரைக்குடிக்கு வந்து, வகுப்பு முடிந்து வியர்வை காய்வதற்குள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்குத் திரும்பியவள். எங்கள் பங்குக் கோவிலில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்றால் மரியாளாக வருவது நான்தான். அந்த இடத்துக்கு வேறு யாரும் ஆசைப்பட்டதாகக்கூட நினைவில்லை. அதனால் இரண்டாம் ஆண்டுக் கணித வகுப்பு முடிந்ததும், சலங்கைப் பையைத் தூக்கிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவள் போலத்தான் அங்கே போனேன்.

தேர்வு நடந்த இடம் பழைய சைக்கிள் ஷெட். சைக்கிளில் வருகிறவர்கள் குறைந்துபோனதால் நடனக் குழு அதைத் தன்னுடையதாக்கிக் கொண்டிருந்தது. மேலே தகரம், கீழே சிமென்ட் தரை, நடுவில் இரும்புத் தூண்கள். மாலை நாலரை மணிக்கும் தகரம் சூட்டில் டக் டக் என்று தெறித்துக்கொண்டிருந்தது. குழுத் தலைவி வணிகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா. கீழச்சிவல்பட்டிக்கு அங்குட்டு ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். இடது தோளில் பறை தொங்க, கையில் குச்சியோடு ஒரு தூணில் சாய்ந்து நின்றார்.

நான் ஆடினேன். நன்றாகவே ஆடினேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை.

"நல்லாருக்கு. இப்ப ஹிப்-ஹாப் ஆடு" என்றார்.

"அது எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதத ஆடத்தான் இங்க வரணும். தெரிஞ்சத வீட்டுலயே ஆடலாமே."

அந்தக் குழுவின் விதி அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. ஆள் எடுத்து முடிந்தால் மொத்தம் இருபத்திரண்டு பேர். ஒன்பது வகை ஆட்டம். ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தனக்குத் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொண்டு அதையும் மேடையில் ஆட வேண்டும். பரதம் ஆடுகிறவள் பரதம் மட்டும் ஆடிவிட்டுப் போக முடியாது.

"அது என் பாணி இல்லக்கா" என்றேன்.

"பாணிய செருப்புக்குப் பக்கத்துல விட்டுட்டு வா" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் ஊருக்கு அடுத்த பஸ் ஐந்தரைக்குத்தான். அதுவரை என்ன செய்வது என்று நின்றதில் குழுவில் சேர்ந்துவிட்டேன்.

எனக்கு ஹிப்-ஹாப் சொல்லிக்கொடுக்க ஒரு பையனை விட்டார்கள். இயற்பியல் இரண்டாம் ஆண்டு, காரைக்குடிக்காரன், அப்பா டவுன் பஸ் டிரைவர். எந்த வகுப்புக்கும் போனதில்லை. போனில் பார்த்துப் பார்த்து, மொட்டைமாடியில் விழுந்து விழுந்து கற்றவன். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன்மேல் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"இங்குட்டு வாங்க. முத பாடம் விழுறது."

"விழுறதா?"

"ஆமா. வலிக்காம விழணும்."

பன்னிரண்டு வருடம் விழாமல் ஆடப் படித்தவளிடம் விழச் சொன்னான். விழுந்தேன். வலித்தது. மறுபடி விழச் சொன்னான். அன்றைக்கு எத்தனை முறை விழுந்தேன் என்று கணக்கில்லை. முழங்கை சிவந்து, இடுப்பெலும்பில் நீலம் பாரித்தது. வீட்டில் அம்மா கேட்டபோது பஸ் படியில் இடித்துக்கொண்டேன் என்று பொய் சொன்னேன்.

"ரொம்ப நேரா நிக்கிறீக" என்பான் அடிக்கடி. "யாரோ போட்டோ எடுக்கப்போற மாதிரி நிக்கிறீக. கொஞ்சம் தளருங்க. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நில்லுங்க."

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. உண்மையாக இருந்ததால்தான் குத்தியது.

பழி வாங்க எனக்கும் வாய்ப்பு வந்தது. அவனுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்க வேண்டியது நான். முதல் நாள் அரைமண்டியில் உட்கார வைத்தேன். முழங்காலை மடக்கி, இரண்டு பக்கமும் விரித்து, முதுகை நேராக வைத்து அப்படியே நிற்க வேண்டும். ஒரு நிமிடத்தில் அவன் தொடை நடுங்கியது.

"இது ஸ்கூல்ல வாத்தியார் குடுக்கிற தண்டனைல்ல?" என்றான்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றேன்.

நாலு நிமிடமும் நின்றான். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. அதன்பிறகு என்னால் அவன்மேல் கோபமாக இருக்க முடியவில்லை. இரண்டு வாரத்தில் 'நீங்க, வாங்க' போய் 'ஏய், இந்தா' வந்துவிட்டது.

சைக்கிள் ஷெட்டின் ஒவ்வொரு தூணுக்குப் பக்கத்திலும் ஓர் ஆட்டம் நடக்கும். ஒரு பக்கம் ஒயிலாட்டத் துணி பறக்கும். ஒரு பக்கம் கோலாட்டக் கழி மோதும். மூலையில் பஞ்சாபி பாங்ரா ஆடும் பையன்கள் தோளைக் குலுக்கிக் குலுக்கி மூச்சிரைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அக்காவின் பறை. அவருடைய வீட்டில் பெண் பிள்ளை பறை அடிப்பதா என்று ஒரு மாதம் அப்பா அவரிடம் பேசவில்லையாம். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "பேசாட்டி என்ன, காலேல பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டில கொண்டாந்து விட்டாக" என்றார்.

எனக்குப் பிடித்த ஒரு நாள் உண்டு. நான் ஹிப்-ஹாப் அடி ஒன்றைப் பத்து நாளாகப் பிடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அவன் "ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்று கத்துவான். என் கால் எழும்பாது. அன்று களைத்துப்போய், அவன் எண்ணும்போதே நான் வாய்க்குள் என் வகுப்புச் சொல்லைச் சொன்னேன். தெய்யும் தத்த தெய்யும் தா. அவன் எட்டில் முடித்த இடத்தில்தான் என் 'தா'வும் முடிந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"திரும்பச் சொல்லு" என்றான்.

அவன் எண்ண, நான் சொல்ல, என் கால் தானாக எழும்பியது. தெரிந்த மொழியில் சொன்னதும் காலுக்குப் புரிந்துவிட்டது. அக்கா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்து பறையில் அதே எட்டை அடித்தார். ஒயிலாட்டக்காரர்கள் அதில் சேர்ந்துகொண்டார்கள். கழிகள் சேர்ந்துகொண்டன. அரை மணி நேரம் யாரும் நிறுத்தவில்லை. வகுப்பு முடிந்து போன ஆசிரியர்கள் நின்று பார்த்தார்கள். ஐந்தரை பஸ்ஸை விட்டேன். அதற்கடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், முகத்தில் சிரிப்பு மறையவே இல்லை. பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தர், "என்னத்தா, பரீட்சைல பாஸா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதில் சேராமல் நின்றது ஒருத்தி மட்டும். முதலாம் ஆண்டு விலங்கியல், கரகம் ஆடுகிற பெண். கிராமத்தில் அவளுடைய அத்தை திருவிழாக்களில் கரகம் ஆடுகிறவர், அவரிடம் கற்றவள். பித்தளைக் குடத்தைத் துணிப்பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். அதிகம் பேச மாட்டாள். எங்களுக்குக் கரகம் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் வாய் திறப்பாள்.

"குடத்த நெனைக்காதீக அக்கா. கழுத்த மறந்துருங்க. கால மட்டும் நெனைங்க."

நான் கழுத்தை மறந்ததும் குடம் தரையில் விழும். அந்தச் சத்தத்தில் ஷெட் முழுவதும் அதிரும். நான்கு மாதத்தில் ஐந்து முறை குடத்தில் ஒடுக்கு விழுந்தது. அவள் ஒரு முறைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒடுக்கெடுத்துக் கொண்டுவந்துவிடுவாள்.

அவளுடைய ஆட்டத்தின் நடை மட்டும் வேறு. எங்கள் எல்லோருக்கும் எட்டு எட்டாகப் போனால், அவளுக்கு மூன்று மூன்றாகப் போகும். நாங்கள் ஒன்றாக ஆடிப் பார்க்கும்போதெல்லாம் அவள் கால் வேறெங்கோ விழும். "இந்தப் புள்ள மட்டும் தனி ரோட்டுல போகுது" என்பான் இயற்பியல்காரன். அவள் சிரித்துக்கொண்டு ஒதுங்கிப் போய்த் தனியாக ஆடுவாள். மேடையிலும் அவளுக்குத் தனி இடம்தானே, தனிப் பாட்டுதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஆண்டு விழாவில் எங்களுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒன்பது ஆட்டம், ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்பது பாட்டு. கடைசி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட் போதவில்லை. குழுவில் ஒரு பெண்ணுடைய குடும்பத்தின் பெரிய வீடு எங்கள் பள்ளத்தூரிலேயே பூட்டிக் கிடந்தது. அப்பாவை அவள் அப்பச்சி என்றுதான் கூப்பிடுவாள்; அவரிடம் கேட்டுச் சாவி வாங்கித் தந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கதவைத் திறந்துவிட்டு, "சத்தம் போடாம ஆடணும்" என்றார். இருபத்திரண்டு பேரும் சரி என்றோம். கூடத்துத் தரை ஆத்தங்குடிக் கல். கால் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். இயற்பியல்காரன் அதைத் தொட்டுப் பார்த்தான். படுத்துப் பார்த்தான். பிறகு முதுகில் பம்பரம் மாதிரி சுற்ற ஆரம்பித்தவன் நிற்கவே இல்லை. "ஏய், இந்தத் தரைய பேத்து மேடைக்குக் கொண்டுபோயிருவோம்!" என்று சுற்றிக்கொண்டே கத்தினான். நானும் சுற்றினேன். மேலே மரத்தூண்களும் வானமும் சேர்ந்து சுழன்றன. மத்தியானத்துக்குள் அந்த வீட்டு அம்மா சாவிக்கொத்தைக் கதவில் தட்டித் தட்டி எங்களுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆண்டு விழா அன்று மைதானத்தில் பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு விழா. மூன்று மணிக்கே வீட்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தம்பியோடு வந்து இரண்டாம் வரிசையில் இடம் பிடித்திருந்தார். கரகப் பெண்ணின் வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திறங்கினார்கள். அத்தை, சித்தப்பா, கைக்குழந்தைகள், ஒரு சாக்கு நிறைய வடை. நாங்கள் மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறையில் அலங்காரம் செய்துகொண்டிருந்தோம். எனக்கு நெற்றிச்சுட்டி கட்டி முடிந்திருந்தது.

மூன்றரை மணிக்குக் கலைக்குழுப் பொறுப்பாசிரியர் வந்தார். கதவில் நின்றார். உள்ளே வரவில்லை.

"சிறப்பு விருந்தினர் ரயிலுக்குக் கெளம்பணுமாம். எல்லாத்தையும் சுருக்கிட்டாங்க. உங்களுக்குப் பதினஞ்சு நிமிஷம்."

"நாப்பதுன்னு சொன்னீகளே சார்" என்றார் அக்கா.

"சொன்னேம்மா. நான் என்ன செய்யட்டும்? நல்லா இருக்கிற மூணு ஆட்டத்த எடுத்துக்கங்க." அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எந்த மூன்று? யாருடைய மூன்று? அந்தக் கூச்சலுக்கு நடுவில் நான் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"வரவேற்புக்குப் பரதம் கண்டிப்பா வேணும். அதுதான் முறை. மத்த ரெண்டப் பத்திப் பேசுங்க."

யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இயற்பியல்காரன் மெதுவாக, "சரி, என்னத எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கரகப் பெண் தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவிழ்த்துக்கொண்டே அக்காவிடம் கேட்டாள்.

"எங்க வீட்டு ஆளுகள வேன்ல திரும்பிப் போகச் சொல்லிரட்டா அக்கா?"

அவள் அழுதுகொண்டு கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். நான்கு மாதம் விழுந்து எழுந்தது எதற்கு? பஸ்ஸில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தவளை விட எனக்கு என்ன முறை இருக்கிறது? வாயைத் திறந்தால் இன்னும் கேவலமாக ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்து சும்மா நின்றேன்.

அக்கா வெளியே போனார். கதவுக்கு வெளியே பறையில் விரலால் தட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது முகமே மாறியிருந்தது.

"யாரையும் விட முடியாது. எல்லாரு வீட்டுலயும் வந்துருக்காக. ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா ஆடுனாத்தான் நாப்பது நிமிஷம். எல்லாரும் சேந்து ஆடுனா?"

"பாட்டு ஒம்போது இருக்கேக்கா?" என்றான் இயற்பியல்காரன்.

"பாட்டு வேணாம். நான் அடிக்கிறேன். ஷெட்டுல அன்னைக்கு அரை மணி நேரம் ஆடுனோம்ல? அதுதான்."

ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்கு அந்த யோசனை தீ மாதிரி பரவியது. ஆளுக்கு இரண்டு ஆட்டம் தெரியும். யார் எங்கே போனாலும் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் கரகப் பெண் சும்மாட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"என் நடை ஒங்களோட சேராதே அக்கா."

அப்போதுதான் என் வாய் திறந்தது. கணக்குப் பாடம் என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஓடிவந்தது இல்லை.

"சேரும்! எட்டு மூணு தடவ வந்தா இருபத்துநாலு. மூணு எட்டுத் தடவ வந்தாலும் இருபத்துநாலு. அவ அவ நடையில போகட்டும், நாம நம்ம நடையில போவோம். ஒவ்வொரு இருபத்துநாலுலயும் எல்லாரு காலும் ஒண்ணா விழும்."

கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினேன். மேலே எட்டெட்டாக, கீழே மும்மூன்றாக. கடைசிக் கோடு இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்று நின்றன. அக்கா அதைப் பார்த்தார்.

"அந்த எடத்துல நான் பெருசா ஒண்ணு போடுறேன்" என்றார்.

"இன்னொண்ணுக்கா. முதல்ல மேடைக்கு நான் வர வேணாம். அவ வரட்டும்."

அக்கா குச்சியால் என் தோளில் லேசாகத் தட்டினார்.

மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் கொஞ்சம் மண்தரை இருந்தது. ஒரு மணி நேரம்தான். முதல் தடவை ஆடியபோது கோலாட்டக் கழி ஒயிலாட்டத் துணியில் சிக்கி, பாங்ராக்காரர்கள் அதில் தடுக்கி, எல்லோரும் ஒரு குவியலாக விழுந்தோம். விழத்தான் எல்லோருக்கும் தெரியுமே, யாருக்கும் அடிபடவில்லை. இரண்டாம் தடவை யார் எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டோம். மூன்றாம் தடவை, இருபத்துநாலாவது தட்டில், இருபத்தோரு பேரின் கால்களும் ஒரே நேரத்தில் மண்ணில் இறங்கின. அந்தச் சத்தம் உள்ளங்காலிலிருந்து பல் வரைக்கும் ஏறியது. கரகப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்றாள். அவள் அப்படிக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை.

எங்களைக் கூப்பிட்டபோது வெயில் இறங்கியிருந்தது. கரகப் பெண் தனியாக மேடையின் நடுவுக்குப் போனாள். அக்கா மேடையின் ஓரத்தில், திரையை ஒட்டி நின்று அடிக்க ஆரம்பித்தார். மூன்று மூன்றாக, மெதுவாக. வேனில் வந்தவர்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். அவள் ஒரு சுற்றுச் சுற்றியதும் பறை எட்டுக்கு மாறியது. அவள் மாறவில்லை. நாங்கள் இரண்டு பக்கமிருந்தும் உள்ளே இறங்கினோம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. முதல் இருபத்துநாலில் கால்கள் ஒன்றாக விழுந்தபோது பலகை மேடை குதித்தது. கூட்டம் ஒரு கணம் திகைத்தது. இரண்டாவதிலும் திகைத்தது. நாலாவதுக்குள் அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த இடம் வருவதற்கு முன்பே கையை விரித்துக் காத்திருந்து, நாங்கள் காலை வைக்கிற அதே நொடியில் தட்டினார்கள். மேடையில் இருபத்திரண்டு பேர், கீழே ஆயிரம் கை. நான் அடவு போட்டுக்கொண்டு போன வழியில் ஒயிலாட்டத் துணி என் முகத்தில் உரசிவிட்டுப் போனது. இயற்பியல்காரன் தொளதொள பேண்ட்டோடு அரைமண்டியில் உட்கார்ந்து, முதுகை நேராக்கி, ஒரு தட்டுத் தவறாமல் என் பக்கத்தில் ஆடினான். தொடை நடுங்கவில்லை. பிறகு என் முறை. பரத உடையோடு, சலங்கையோடு நான் ஹிப்-ஹாப் ஆடினேன். ஒவ்வொரு அடிக்கும் சலங்கை கூடவே பேசியது. அந்த ஆட்டத்துக்குச் சலங்கை இவ்வளவு பொருந்தும் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. கடைசியில் தரையில் சரிந்து, ஒரு முழங்கையில் உடம்பைத் தாங்கி, காலை மேலே தூக்கி அப்படியே உறைய வேண்டும். சரிந்தேன். உடையின் முன்பக்க மடிப்புவிசிறி எங்கோ கிழிகிற சத்தம் கேட்டது. நெற்றிச்சுட்டி கண்ணுக்குள் வந்து விழுந்தது. ஒற்றைக் கண்ணால் தலைகீழாகப் பார்த்தேன். கரகக் குடம் எங்கள் எல்லோருக்கும் மேலே, கொஞ்சமும் ஆடாமல், தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

அக்கா வேகத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். மூச்சு வாங்க நேரமில்லை, பயப்பட நேரமில்லை. யார் யாருடைய ஆட்டத்தை ஆடுகிறார்கள் என்றே தெரியாமல் போனது. ரயிலுக்குக் கிளம்ப வேண்டிய சிறப்பு விருந்தினர் எழுந்து நின்றிருந்தார்; கிளம்புவதற்காகவா, தட்டுவதற்காகவா என்று தெரியவில்லை. கடைசி இருபத்துநாலில் அக்கா பறையை அடித்து நிறுத்த, எல்லாக் காலும் இறங்கி, எல்லாக் கையும் தட்டி, அதற்குப் பிறகு ஒரு சின்ன அமைதி. அப்புறம்தான் சத்தம் வந்தது.

மேடைக்குப் பின்னால் நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கத்தினோம். கரகப் பெண்ணைக் குடத்தோடு தூக்கினோம். அவளுடைய அத்தை வந்து அவளுக்கு நெட்டி முறித்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "எங்க புள்ள கரகத்தச் சுத்தி நீங்கள்லாம் நல்லா ஆடுனீக." டிரைவர் அப்பா மகனின் தோளைப் பிடித்துக் குலுக்கி, "நீ ஆடுறப்ப எதுக்குப்பா இம்புட்டுக் கூட்டம் மேடைல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் இதேதான். ஒரே மேடையில் இருபத்திரண்டு பேர் ஆடியிருந்தோம். ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளையை மட்டும் பார்த்திருந்தது. எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அக்காவின் அப்பா கூட்டம் கலைந்த பிறகு வந்தார். கையில் ஹெல்மெட்டோடு பந்தலின் கடைசியில் நின்றிருந்தாராம். அங்கிருந்து பார்த்தால் திரைக்குப் பக்கத்தில் நின்ற மகள் தெரிந்திருக்கவே மாட்டார்.

"அடிச்சது நீயா?" என்றார்.

"ஆமாப்பா."

"நடுவுல ஒரு எடத்துல கை தளந்துச்சே."

அக்கா அவரைப் பார்த்தார். "பாங்ராக்காரங்க உள்ள வந்தப்ப. கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு" என்றார். பறையை மகளின் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார். அக்கா எங்களிடம் கையசைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினார். அக்கா அழுதாரா என்று இருட்டத் தொடங்கியிருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

நானும் அம்மாவும் தம்பியும் பள்ளத்தூர் பஸ்ஸில் ஏறினோம். முகத்து அரிதாரத்தோடு இருந்த என்னைப் பார்த்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அம்மா என் நெற்றிச்சுட்டியை நேராக்கிவிட்டார். ஹிப்-ஹாப் விஷயம் அவருக்குத் தெரியாது. என்ன சொல்வாரோ என்று பயமாக இருந்தது. பிறகு என் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா ஆடிக்கிட்டிருந்த. கடைசியில வழுக்கி விழுந்துட்டியே" என்றார். "பரவாயில்ல, விழுந்தது தெரியாம சமாளிச்சுட்ட. ரொம்ப அடியா?"

தம்பி வெடித்துச் சிரித்தான். நான் விழவில்லை, அதுதான் ஆட்டம், அப்படி விழுவதற்கு நான்கு மாதம் படித்தேன் என்று விளக்க ஆரம்பித்தேன். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. பஸ் எங்கள் ஊருக்குத் திரும்பும்போது கேட்டார்.

"அப்ப அந்தப் பஸ் படி?"

அதற்கும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.